டேப் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்

2020-இல் ஆன்லைன் வகுப்பு தொடங்கியபோது எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு ஒரு டேப் வந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் அவையெல்லாம் பீரோவுக்குள் போயின. இப்போது பேத்திக்குக் கார்ட்டூன் போடவோ, தாத்தா பேப்பர் படிக்கவோ வெளியே எடுக்கிறார்கள். எடுத்தால் ஏதோ ஒன்று ஓடுவதில்லை. “கொஞ்சம் பாரேன்ப்பா” என்று என்னிடம் வருகிறது. நான் மெக்கானிக் இல்லை. ஆனால் ஒரே பழுதைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எதை முதலில் பார்ப்பது, எங்கே கையை எடுத்துவிடுவது என்பது பிடிபட்டிருக்கிறது. உங்கள் டேப்பின் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாதது முதலில், பர்ஸைத் திறக்க வேண்டியது கடைசியில்.

## எதற்கும் முன்னால் ஒரு சோதனை

டேப்பின் கவரைக் கழற்றிவிட்டு, சமமான மேசையில் திரை மேலே பார்க்க வையுங்கள். ஒரு மூலையில் விரலால் லேசாகத் தள்ளினால் பம்பரம் மாதிரி சுற்றுகிறதா? திரையின் ஓரம் பிளவு விட்டிருக்கிறதா? அப்படியென்றால் பேட்டரி உப்பிவிட்டது. கீழே சொல்லியிருக்கும் எதையும் செய்ய வேண்டாம். சார்ஜில் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். ஆஃப் செய்து, எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். அமுக்கி உள்ளே தள்ளப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை விடுவது, ஃபிரிட்ஜில் வைப்பது என்று மூன்று வைத்தியமும் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றுமே ஆபத்து. குத்தினால் உள்ளிருப்பது தீப்பிடிக்கும். இது நேராகக் கடைக்குப் போக வேண்டிய கேஸ்.

உப்பவில்லை என்றால் மேலே படியுங்கள்.

## “ஆன் ஆகவே மாட்டேங்குது”

### திரை முழுக்கக் கறுப்பு, ஒரு அசைவும் இல்லை

மாதக்கணக்கில் கிடந்த டேப் என்றால் பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அந்த நிலையில் சார்ஜரைச் சொருகிய உடனே பேட்டரி படம் வராது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு ‘செத்துப்போச்சு’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நல்ல அடாப்டரில், சுவர் பிளக்கில், குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். நான் இரண்டு மணி நேரம் விடுவேன். நடுநடுவே பவர் பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டாம், ஏறிய கொஞ்சமும் அதில் போய்விடும். ஆள் இருக்கும்போது போடுங்கள், மெத்தை மேல் வைக்காதீர்கள்.

அதற்கும் அசையாவிட்டால், சார்ஜரில் இருக்கும்போதே வலுக்கட்டாயமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்களில் பவர் பட்டனை 30 விநாடி வரை விடாமல் பிடித்தால் போதும். சாம்சங் என்றால் பவரும் வால்யூம் குறைக்கும் பட்டனும் சேர்த்து, பத்து விநாடிக்குக் குறையாமல். ஹோம் பட்டன் உள்ள ஐபேடில் ஹோமையும் மேல் பட்டனையும் ஆப்பிள் சின்னம் வரும்வரை சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஹோம் பட்டன் இல்லாத ஐபேடில், மேல் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்யூம் பட்டனை ஒரு தட்டு, அடுத்த வால்யூம் பட்டனை ஒரு தட்டு, பிறகு மேல் பட்டனை விடாமல் பிடிப்பது.

அப்புறம் கேபிளை மாற்றுங்கள், அடாப்டரையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு “மாத்திப் பாத்துட்டேன்” என்று சொல்வது கணக்கில் வராது.

### சத்தம் வருகிறது, படம் வரவில்லை

வால்யூம் பட்டனை அமுக்கினாலோ சார்ஜரைச் சொருகினாலோ ‘டிங்’ என்று கேட்கிறது, ஆனால் திரை கறுப்பு. விளக்கை அணைத்துவிட்டு, போனின் டார்ச்சைத் திரைக்கு நெருக்கமாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் டேப் உயிரோடுதான் இருக்கிறது, திரைக்குப் பின்னால் எரியும் விளக்குதான் போயிருக்கிறது. இது எல்.சி.டி. திரைக்கு மட்டும் பொருந்தும் சோதனை. ஒன்றும் தெரியாவிட்டால் டிஸ்ப்ளேயோ அதன் பட்டை கேபிளோ. எதுவானாலும் வீட்டில் முடியாது. கடைக்காரரிடம் “படம் தெரியுது, லைட்டுதான் இல்லை” என்று சொன்னால் அவர் நேராக டிஸ்ப்ளே மாற்றப் போகாமல் கனெக்டரை முதலில் பார்ப்பார்.

### கம்பெனி பெயர் வருகிறது, அதற்கு மேல் போகவில்லை

மெமரி கார்டையும் சிம்மையும் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். கெட்டுப்போன மெமரி கார்டு ஒன்றே முழு டேப்பையும் பிடித்து நிறுத்திவிடும். அடுத்து, டேப்பை ஆஃப் செய்து பவரையும் வால்யூம் கூட்டும் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் பல ஆண்ட்ராய்டு டேப்களில் ரிகவரி மெனு வரும். அங்கே ‘வைப் கேஷ் பார்ட்டிஷன்’ என்று இருந்தால் அதைச் செய்யலாம், படங்கள் அழியாது. அதற்குப் பக்கத்து வரியிலேயே ‘வைப் டேட்டா’ இருக்கும். அதைத் தொட்டால் எல்லாம் போய்விடும். விரல் ஒரு வரி தவறிய கதைகள் உண்டு, நிதானமாக அமுக்குங்கள். டேப்புக்குள் வேறெங்கும் இல்லாத படங்கள் இருக்கின்றன என்றால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போங்கள்.

## “சார்ஜ் ஏறவே மாட்டேங்குது”

என்னிடம் வருவதில் பாதிக்குப் பாதி இதுதான். அதிலும் பாதி டேப்பின் குற்றமே இல்லை.

### ‘சார்ஜிங்’ என்று காட்டுகிறது, ஆனால் ஏறவில்லை

அடாப்டரில் பொடி எழுத்தில் ‘அவுட்புட்’ என்று ஒரு வரி இருக்கும். அதைப் படியுங்கள். 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் அது பழைய போனின் சார்ஜர். டேப் பேட்டரி பெரும்பாலும் 5000 முதல் 10,000 மில்லி ஆம்பியர் மணி வரை இருக்கும். 7000 உள்ள ஒரு டேப்புக்கு 1 ஆம்பியர் சார்ஜர் போட்டால் கணக்குப்படியே 7 மணி நேரம், சூடாகி வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். கம்ப்யூட்டரின் பழைய யூ.எஸ்.பி. வாயில் சொருகினால் அரை ஆம்பியர்தான் கிடைக்கும். திரையும் எரிந்துகொண்டிருந்தால் வருவது போவதற்கே சரியாகப் போய்விடும். குறைந்தது 2 ஆம்பியர் அடாப்டர் வேண்டும்.

அடாப்டர் சரியாக இருந்து கேபிள் மட்டும் மட்டமானதாக இருந்தாலும் இதே கதைதான். உள்ளே கம்பி மெல்லியதாக இருக்கும், மின்சாரம் வழியிலேயே தேய்ந்துவிடும். சோதனை எளிது: டேப்பை ஆஃப் செய்து அரை மணி நேரம் சார்ஜ் போட்டு எத்தனை சதவீதம் ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேபிளை மட்டும் மாற்றி இன்னொரு அரை மணி. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் பழைய கேபிளைக் குப்பையில் போடுங்கள். ‘அவசரத்துக்கு இருக்கட்டும்’ என்று திரும்ப டிராயரில் வைத்தால் அடுத்த மாதம் அதே கேபிளோடு திரும்ப வருவீர்கள்.

### புது சார்ஜரில் ஏறாது, பழைய சார்ஜரில் ஏறும்

இது பலரைக் குழப்பும். இரண்டு முனையும் சி-டைப்பாக இருக்கும் கேபிளைச் சில மலிவு டேப்கள் கண்டுகொள்ளவே மாட்டா. அந்த அடாப்டர், எதிரே ஒரு கருவி சொருகியிருக்கிறது என்பதை டேப்பின் வாயில் இருக்கும் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். காசை மிச்சம் பிடிக்க அந்த ரெசிஸ்டரை விட்டுவிட்ட டேப்புக்கு அடாப்டர் மின்சாரமே அனுப்பாது. ஒரு முனை பழைய அகல யூ.எஸ்.பி., மறுமுனை சி என்று இருக்கும் கேபிளை வாங்கினால் தீர்ந்தது. டேப் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

### கேபிளை ஒரு பக்கம் சாய்த்தால் மட்டும் ஏறுகிறது

டேப்பை ஆஃப் செய்து, சார்ஜ் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பைக்குள்ளும் கட்டிலிலும் கிடந்த டேப்பில் பஞ்சு திணிந்திருக்கும். மரத்தாலான பல்குத்தும் குச்சியைக் கொண்டு மெல்லச் சுரண்டி எடுங்கள். ஊசி, ஹேர்பின் எல்லாம் கூடாது. சி-டைப்பில் நடுவே இருக்கும் நாக்கு மெல்லியது, முறிந்தால் முடிந்தது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

பஞ்சு இல்லை, ஆனாலும் கேபிள் லொடலொட என்று ஆடுகிறது என்றால் பின் தேய்ந்துவிட்டது. பழைய மைக்ரோ யூ.எஸ்.பி. டேப்களில் இது சகஜம், குழந்தை சார்ஜ் போட்டபடியே விளையாடிய டேப் என்றால் நிச்சயம். பல டேப்களில் சார்ஜிங் பின் தனியாக ஒரு சின்ன போர்டில் இருக்கும், போர்டையே மாற்றிவிடலாம். மதர்போர்டிலேயே இருந்தால் பற்றவைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ‘உங்க டேப்ல பின் தனி போர்டா?’ என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

### பாதியில் ஏறுவது நின்றுவிடுகிறது

தொட்டுப் பாருங்கள். சூடா? ஐபேடை 0 முதல் 35 டிகிரி வெப்பத்துக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சித்திரை மாதத்தில் கரூரிலும் வேலூரிலும் வெயில் 40-ஐத் தாண்டுகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள டேப் சார்ஜை நிறுத்துகிறது, அவ்வளவுதான். கவரைக் கழற்றி ஃபேனுக்குக் கீழே வையுங்கள். சரியாக 80 அல்லது 85-இல் நிற்கிறது என்றால் பேட்டரி செட்டிங்ஸில் பாதுகாப்பு வரம்பு ஒன்று ஆனாகி இருக்கும். அது நல்லதுதான், அப்படியே விடுங்கள்.

## “சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது”

பேட்டரி செட்டிங்ஸில் எந்த ஆப் எவ்வளவு தின்கிறது என்ற பட்டியல் இருக்கிறது. திரை முதலிடத்தில் இருந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். ஏதோ ஒரு கேம் முதலிடத்தில் இருந்தால் பதில் கிடைத்துவிட்டது. ராத்திரி 60-இல் வைத்தது காலையில் 20 என்றால், ஒரு ராத்திரி வைஃபையை அணைத்துவிட்டு வைத்துப் பாருங்கள். அப்போது இறங்கவில்லை என்றால் ஏதோ ஒரு ஆப் பின்னணியில் இணையத்தோடு பேசிக்கொண்டே இருக்கிறது.

30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று அணைந்தால் பேட்டரி கிழடாகிவிட்டது. அதற்கு செட்டிங்ஸில் மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

## “ரொம்ப ஸ்லோ, ஹேங் ஆகுது”

### முதலில் இடத்தைப் பாருங்கள்

செட்டிங்ஸில் ஸ்டோரேஜ். 32 ஜி.பி. டேப்பில் 31 நிரம்பியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். பத்தில் ஒரு பங்காவது காலியாக இருந்தால்தான் டேப் மூச்சுவிடும்.

எங்கே போய் அடைந்திருக்கிறது? நான் பார்த்த மட்டில் வாட்ஸ்அப்பில். குடும்ப குரூப்பின் காலை வணக்கம் வீடியோக்கள் நான்கு வருடமாகச் சேர்ந்திருக்கும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, அதற்குள் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’. பெரிய கோப்புகளைத் தனியாகவும், எந்த குரூப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்றும் காட்டும். அழித்த கையோடு அதே பக்கத்தில் ‘மீடியா ஆட்டோ டவுன்லோடை’ நிறுத்துங்கள். ‘மீடியா விசிபிலிட்டி’யை நிறுத்தினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது கேலரியில் மறைக்குமே தவிர, இறங்குவதைத் தடுக்காது.

கேலரியில் அழித்த படம் குப்பைத்தொட்டியில் ஒரு மாதமாவது கிடக்கும். அதையும் காலி செய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். சினிமாக்களை மெமரி கார்டுக்கு மாற்றலாம். ஆனால் ஆப்களை மாற்றாதீர்கள், கார்டு மெதுவானது, இருக்கிற வேகமும் போய்விடும். 4 ஜி.பி.க்கு மேற்பட்ட படம் கார்டில் ஏற மறுத்தால் கார்டு பழைய ‘ஃபேட் 32’ முறையில் இருக்கிறது. டேப் ஏற்றுக்கொண்டால் ‘எக்ஸ்ஃபேட்’டாக ஃபார்மட் செய்யுங்கள், அதில் இருப்பதை முதலில் கம்ப்யூட்டருக்கு எடுத்துவிட்டு.

### இடம் இருக்கிறது, ஆனாலும் ஸ்லோ

சேஃப் மோடு போட்டுப் பாருங்கள். பவர் பட்டனைப் பிடித்து, திரையில் வரும் ‘பவர் ஆஃப்’ மேல் விரலை விடாமல் வைத்தால் பல ஆண்ட்ராய்டுகளில் கேட்கும். அதில் நீங்கள் போட்ட ஆப் எதுவும் ஓடாது. அங்கே சுறுசுறுப்பாக இருந்தால் குற்றவாளி நீங்கள் போட்ட ஏதோ ஒரு ஆப். கடைசியாகப் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள். ‘கிளீனர்’, ‘பூஸ்டர்’ என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பவற்றை முதலில் நீக்குங்கள் என்பது என் அனுபவம்.

சேஃப் மோடிலும் அப்படியே இருந்தால் சின்ன வித்தை ஒன்று உண்டு. ‘அபவுட் டேப்லெட்’டில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் அனிமேஷன் ஸ்கேல் என்று மூன்று வரி இருக்கும், மூன்றையும் 0.5 ஆக்குங்கள். டேப் நிஜமாக வேகமாகிவிடாது, ஆனால் கைக்கு அப்படித் தெரியும். அங்கே வேறெதையும் தொட வேண்டாம்.

2 ஜி.பி. ரேம் உள்ள டேப்பிடம் இதற்கு மேல் கேட்பது அநியாயம். அதற்கு ஒரே வேலை கொடுங்கள். எங்கள் வீட்டு டேப் சமையலறையில் பாட்டுப் போடுவதோடு சரி, இரண்டு வருடமாகப் புகார் இல்லை.

## “தொடாமலே தானா வேலை செய்யுது”

சார்ஜரைப் பிடுங்குங்கள். ஆட்டம் நின்றுவிட்டதா? அப்படியானால் அடாப்டர் மட்டம். அதிலிருந்து வரும் மின் இரைச்சல் டச்சைக் குழப்புகிறது. அடாப்டரை மாற்றினால் போதும், டிஸ்ப்ளே மாற்றச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

நிற்கவில்லை என்றால் திரையை உலர்ந்த துணியால் துடையுங்கள், கை வியர்வையும் எண்ணெயும் போதும் இதற்கு. அடுத்து டெம்பர் கிளாஸைக் கழற்றிப் பாருங்கள். திரையின் ஓரத்திலேயே விரிசல் விட்டிருந்தால் அந்தக் கோட்டிலிருந்துதான் ஆட்டம் தொடங்கும், டச் மாற்ற வேண்டியதுதான். சில டேப்களில் டச் கண்ணாடி தனியாகக் கிடைக்கும், மலிவு. டிஸ்ப்ளேயோடு ஒட்டிய காம்போ என்றால் செலவு எகிறும். புது டேப் விலையில் பாதியைத் தாண்டினால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

## “ஸ்கிரீன் அதுவா அணைஞ்சு போகுது”

ஒரு அக்கா இதற்காக இரண்டு கடை ஏறி இறங்கியிருந்தார். ஒரு கடையில் மதர்போர்டு என்று சொல்லிவிட்டார்கள். டேப்பைக் கையில் வாங்கியதும் கவரைக் கழற்றினேன், சரியாகிவிட்டது. மூடி போட்ட கவர்களில் காந்தம் இருக்கும். மூடினால் திரை அணைய வேண்டும் என்பதற்காக வைத்தது. மூடியைப் பின்பக்கம் மடித்துப் பிடிக்கும்போதோ, வேறு மாடலுக்கான கவரை மாட்டும்போதோ காந்தம் தவறான இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். கவர் இல்லாமல் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் மட்டுமே மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

## “வைஃபை இருக்கு, நெட் இல்லை”

அதே வைஃபையில் போனில் வருகிறதா? வரவில்லை என்றால் டேப்பை விட்டுவிட்டு ரௌட்டரைப் பாருங்கள். போனில் வந்தால், டேப்பில் தேதியைப் பாருங்கள். அடியோடு சார்ஜ் இறங்கிக் கிடந்த டேப் சில வருடம் பின்னோக்கிப் போயிருக்கும். தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று எதையும் திறக்க விடாது. தேதியைத் திருத்தினால் அடுத்த நொடி வேலை செய்யும்.

வைஃபை பெயரே பட்டியலில் வரவில்லையா? மலிவு டேப்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். புது ரௌட்டரில் 5 மட்டும் ஆனாகி இருந்தால் டேப்புக்கு அது கண்ணுக்கே தெரியாது.

## “படம் மங்கலா தெரியுது”

யூடியூபில் தெளிவாக இருந்து நெட்பிளிக்ஸில் மட்டும் மங்கல் என்றால் முதலில் உங்கள் பிளானைப் பாருங்கள். மொபைல் பிளானில் 480பி-க்கு மேல் வராது. பெரிய பிளான்தான் என்றால் அந்த ஆப்பின் செட்டிங்ஸில் ‘பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்’ என்ற இடத்தில் வைடுவைன் (படத்தைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் பூட்டு) எல்1-ஆ, எல்3-ஆ என்று பாருங்கள். எல்3 என்றால் டேப்பின் திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மங்கல்தான். இதைப் பெரும்பாலும் எந்தக் கடைக்காரராலும் சரிசெய்ய முடியாது. அடுத்த டேப் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

## “ரீசெட் பண்ணினேன், பழைய ஜிமெயில் கேக்குது”

ஆண்ட்ராய்டு 5.1-இலிருந்து இந்தப் பூட்டு இருக்கிறது. ஐபேடில் இதற்கு ‘ஆக்டிவேஷன் லாக்’ என்று பெயர். திருடியவன் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக வைத்தது, பாஸ்வேர்டு மறந்த சொந்தக்காரனையும் சேர்த்தே பிடிக்கிறது. வேறு கம்ப்யூட்டரில் போய் அந்த ஜிமெயிலின் பாஸ்வேர்டை மீட்டெடுப்பதுதான் நேர்வழி. ரீசெட் செய்யும் முன்பே கணக்கை நீக்கிவிட்டு, செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்தால் இந்தப் பாடே இல்லை. பழைய டேப் வாங்கும்போது, விற்பவர் முன்னிலையில் ரீசெட் செய்து முகப்புத் திரை வரும்வரை பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

## கடைக்குத்தான் போக வேண்டும் என்றால்

சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றி வீட்டில் வையுங்கள். டேப் ஓடும் நிலையில் இருந்தால் வங்கி ஆப், ஜிமெயில் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறுங்கள். நீங்கள் எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள், கடைக்காரருக்கும் நேரம் மிச்சம். பாகம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள், உப்பிய பேட்டரியை மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள், அதை வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. கடையை விட்டு இறங்கும் முன் அங்கேயே நின்று சார்ஜர் சொருகிப் பாருங்கள், இரண்டு கேமராவையும் திறந்து பாருங்கள், ஒரு பாட்டும் போட்டுக் கேளுங்கள். பின்மூடியைக் கழற்றி மாட்டும்போது ஸ்பீக்கர் கம்பி விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது.